மாற்று வழியில் தண்ணீர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

மலைநடை பற்றி உங்கள் இதழில் வந்த சிறப்புப் பக்கத்தைப் படித்தேன். படங்கள் அழகு. ஆனால் எழுத்து முழுக்கப் பனியும் பசுமையும் சில்லென்ற காற்றும்தான். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களின் ஊடாகப் போகும் பெக்கோ நடைபாதை கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிறது. 300 கிலோமீற்றருக்கு மேல் நீளம், 22 கட்டங்கள். அதில் மலைக்குக் கிழக்கே இருக்கும் ஊவாப் பக்கத்துக் கட்டங்களை ஆகஸ்டில் நடந்தவர் யாரும் இப்படி எழுதமாட்டார்.

தென்மேல் பருவக்காற்று வைத்திருக்கும் மழையையெல்லாம் ஹட்டன், நோர்வூட் பக்கம் எங்கள் தலையில் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டும்போது அதில் ஈரம் மிஞ்சுவதில்லை. பதுளை ரயிலில் போகிறவர்களுக்கு இது பழகிய விஷயம்: பட்டிப்பொலயில் தூறல், சுரங்கத்தைத் தாண்டி ஒஹியா வந்தால் பளீரென்று வெயில். அந்தக் காய்ந்த காற்றால்தான் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான ஊவாத் தேயிலைக்கு அந்தத் தனி மணம். தேயிலைக்கு நல்லதுதான், நடக்கிறவர்களுக்குத்தான் நாக்கு வறண்டுவிடும்.

போன ஆகஸ்டில், என்னோடு படிப்பிக்கும் சிலரும் நானும் எட்டம்பிட்டியவிலிருந்து லுணுவத்தைப் பக்கமாக நடந்தோம். ஓரிடத்தில் கரை சரிந்து பாதை அறுந்திருந்தது. கம்பு நட்டுச் சிவப்பு நாடா கட்டி, கீழ்நோக்கி அம்புக்குறி போட்ட ஒரு மாற்று வழிப் பலகையும் வைத்திருந்தார்கள். சிங்களத்தில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி. தமிழ் இல்லை (அதைப் பார்த்து இப்போதெல்லாம் ஆச்சரியப்படுவதில்லை). எவ்வளவு தூரம், வழியில் தண்ணீர் உண்டா என்பது எந்த மொழியிலும் இல்லை.

தேயிலை முடிந்ததும் பத்தனை நிலம், அதாவது மலைப் புல்வெளி. இடுப்பளவு மானாப்புல், அதுவும் பாதி எரிந்து கருகிக் கிடந்தது. மிச்சமிருந்ததும் கை பட்டால் சரசரக்கும் பதத்தில் இருந்தது. வெயில் காலத்தில் இந்தப் புல்லுக்கு யாராவது நெருப்பு வைத்துவிடுகிறார்கள், வருடா வருடம் இதே கதைதான். அங்கொன்று இங்கொன்றாக யூகலிப்டஸ் மரங்கள். அதன் நிழலில் ஓர் ஆள் ஒதுங்குவதே கஷ்டம். போன் வரைபடத்தில் நீலக்கோடாக ஓடிய ஓடைக்கு நம்பி இறங்கினால் வெறும் கல். பதினொரு மணிக்கெல்லாம் பேச்சு நின்றுவிட்டது. போத்தலில் இருப்பதை எப்போது குடிப்பது என்ற கணக்கு மட்டும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. மேலே பாதை மறுபடி சேரும் இடம் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் மாற்று வழி சுற்றிச் சுற்றி எதிர்ப்பக்கம் போகிறது. அந்த எரிச்சலைச் சொல்லி முடியாது.

ஒருவழியாக ஒரு லயத்துக்கு, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, வந்து சேர்ந்தோம். வாசல்களில் வெறுங் குடங்கள். தண்ணீர் கேட்கவே வாய் வரவில்லை. அதற்குள் ஓர் அம்மா செம்பை நீட்டிவிட்டார். "பீலி காஞ்சு போச்சு தங்கச்சி. பவுசர் வந்தா உண்டு, இல்லாட்டி பள்ளத்துல இறங்கித் தூக்கிட்டு வரணும். வெள்ளைக்காரங்களும் வந்து போத்தலக் காட்டுறாங்க. எப்படி இல்லன்னு சொல்றது?" என்றார். (பீலி என்பது மலை ஊற்றுத் தண்ணீர் வந்து விழும் குழாய், பவுசர் தண்ணீர் வண்டி.) அப்புறம் தேத்தண்ணியும் ஊற்றினார்.

இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அந்தச் செம்புதான். பாதையை அடைத்தவர்கள் நாடா கட்டியதோடு போய்விட்டார்கள். அந்த வழியில் வருகிறவர்களின் தாகத்தைத் தீர்க்கும் வேலை, தனக்கே தண்ணீர் இல்லாத லயத்தின் தலையில் விழுந்துவிட்டது. ஊவாவில் தண்ணீர் சாதாரண விஷயமில்லை. உமா ஓயா ஆற்றுநீரைத் திருப்பும் திட்டத்துக்குச் சுரங்கம் தோண்டியபோது பண்டாரவளைச் சுற்றுவட்டாரத்தில் கிணறுகள் வற்றி, வீட்டுச் சுவர்களில் வெடிப்பு விழுந்து, சனம் வீதிக்கு இறங்கியதை உங்கள் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

தண்ணீரில்லாத காட்டில் நடப்பது மலையகத்தாருக்குப் புதிதில்லைதான். கோப்பிக் காலத்தில் தோட்ட வேலைக்காகத் தமிழகத்திலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை நடந்துவந்தவர்களில் எத்தனையோ பேர் வழியிலேயே விழுந்தார்கள். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த நினைவு நடையின்போது இதைப் பற்றி நிறையப் பேசினோம். நாங்கள் ஆசைக்கு நடந்த நடையை அதோடு சேர்த்துப் பேசக்கூடாது, சரி. ஆனால் தண்ணீர் எங்கே என்று சொல்லாமல் ஆளை வெயிலில் அனுப்பும் பழக்கம் இன்னும் போகவில்லையே என்ற கோபம் எனக்கு உண்டு.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மாற்று வழிப் பலகையில் தூரத்தையும் அடுத்து நல்ல தண்ணீர் கிடைக்கும் இடத்தையும் மூன்று மொழியிலும் எழுதவேண்டும். அந்த வழி ஒரு லயத்தைத் தொட்டுப் போகிறதென்றால், வறட்சி மாதங்களில் அங்கே ஒரு தாங்கி வைத்து நிரப்பவேண்டும். அது லயத்து ஆட்களுக்கு முதலில், நடக்கிறவர்களுக்குப் பிறகு. சுற்றுலாவால் தோட்டத்துக்கு நன்மை என்று மேடையில் பேசுகிறவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். நடக்கப் போகிறவர்களும் ஆளுக்கு மூன்று லீற்றராவது சுமந்துகொண்டு, விடியுமுன் கிளம்புவது நல்லது. புல்வெளியில் சிகரட் வேண்டவே வேண்டாம்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை மலைநடைப் பக்கம் போடும்போது, பீலிகள் எங்கே இருக்கின்றன, எந்த மாதம் எது வற்றும் என்று ஒரு வரைபடமும் சேர்த்துப் போடுங்கள். கட்டுரையாளரை ஆகஸ்டில் அனுப்புங்கள், முடிந்தால் அந்த மாற்று வழியாகவே.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை,
ஹட்டன்