கழிப்பறைச் சாவி கேட்டால் முறுமுறுப்பா? சேகரக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான சேகர குருவானவர் அவர்களுக்கும் கமிட்டி அங்கத்தினர்களுக்கும் ஸ்தோத்திரம்.

போன ஞாயிறு பிரசங்கம் யாரைக் குறித்தது என்று உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். பைபிளில் எண்ணாகமம் 11ஆம் அதிகாரம். வனாந்தரத்தில் தேவன் தந்த மன்னா என்ற ஆகாரம் சலித்துப்போய், எகிப்தின் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் நினைத்து அழுத ஜனங்களின் கதை. "நம் சபைக்குள்ளும் முறுமுறுக்கிற ஆவி வந்திருக்கிறது" என்று ஐயா சொன்னதும், பெண்கள் பக்கம் தூணோரம் இருந்த ஒரு பாட்டியைப் பாதிச் சபை திரும்பிப் பார்த்தது.

அவர் வெள்ளரிக்காய் கேட்கவில்லை. கோவிலுக்குப் பின்னால் இருக்கிற கழிப்பறையை ஆராதனை நேரத்தில் திறந்து வையுங்கள் என்றுதான் சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டார்.

அவருக்குச் சர்க்கரை உண்டு. பிரஷருக்காக நீர் மாத்திரையும் சாப்பிடுகிறார். திருவிருந்து ஞாயிறு என்றால் அறிவிப்பெல்லாம் முடிய மூன்று மணி நேரம் ஆகிவிடுகிறது. அதனால் சனிக்கிழமை ராத்திரியே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவார், காலையில் மாத்திரையைத் தள்ளிப்போடுவார். டாக்டர் திட்டுகிறார் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். போன திருவிருந்தன்று அதுவும் கைகொடுக்கவில்லை. அப்பமும் ரசமும் வாங்கிய கையோடு, ரோட்டைக் கடந்து எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். அந்த வீட்டார் நம் சபையார் இல்லை, கிறிஸ்தவர்களும் இல்லை. ஒன்றும் கேட்காமல் உள்ளே விட்டார்கள். நம் கழிப்பறைக்குள்ளோ பண்டிகை சீரியல் லைட்டும் பந்தல் கம்பும் பத்திரமாக இருக்கின்றன. சாவி எந்த அங்கத்தினர் வீட்டில் இருக்கிறது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள்.

இந்தப் பாட்டிக்கு நன்றியில்லை என்று யாராவது சொல்ல முடியுமா? ஞாயிறுதோறும் வாசிக்கப்படும் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர்களில் அவருடையது எப்போதும் இருக்கும். பேரன் அரியர் பேப்பரில் பாஸானதற்கு, கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்கு, மழை பெய்ததற்கு. கவரை வாங்கி வாசித்தவர்கள் நீங்கள்தானே.

"எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்ற வசனத்தில் எனக்கு எந்தத் தகராறும் இல்லை. குறை சொல்லிக்கொண்டே இருப்பவன் தேவனை நம்பாமல் போகிறான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பவுல் சிறையிலிருந்து பிலிப்பியருக்கு எழுதியதை வாசித்துவிட்டு, என் சின்னச் சின்னப் புலம்பல்களை வெட்கப்பட்டு விட்டதும் உண்டு. ஆனால் இஸ்ரவேலர் தங்கள் கூடாரங்களுக்குள் இருந்துகொண்டு முறுமுறுத்தார்கள், கர்த்தர் நம்மை வெறுக்கிறார் என்று பேசினார்கள் என்று உபாகமம் முதலாம் அதிகாரம் சொல்கிறது. செலொப்பியாத்தின் குமாரத்திகள் ஐந்து பேரும் அப்படியா செய்தார்கள்? ஆசரிப்புக் கூடார வாசலில், மோசேக்கும் பிரபுக்களுக்கும் சபையனைத்துக்கும் முன்பாக வந்து நின்று, தகப்பனுடைய காணியைக் கேட்டார்கள். அவர்கள் கேட்டது சரி என்று கர்த்தரே சொன்னார். எருசலேமில் விதவைகளின் பந்தி விசாரிப்பில் குறை என்று சத்தம் எழுந்தபோது அப்போஸ்தலர்கள் எண்ணாகமம் 11ஐ எடுத்துப் பிரசங்கிக்கவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சபையிடம் சொல்லி, அவர்களிடம் வேலையை ஒப்படைத்தார்கள். அப்புறம், வனாந்தரத்தைப் பற்றிப் பேசுவதென்றால் உபாகமம் 23ஐயும் கொஞ்சம் புரட்டியிருக்கலாம். பாளயத்துக்குப் புறம்பே இதற்கென்று ஓர் இடம் இருக்கவேண்டும், மண்ணைத் தோண்ட ஒரு கோலும் கையில் இருக்கவேண்டும் என்று அங்கே எழுதியிருக்கிறது. வனாந்தரத்திலேயே ஏற்பாடு இருந்தது, ஐயா. பூட்டும் இல்லை.

முறுமுறுப்பைக் கண்டிக்க வேண்டுமென்றால், ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடிக்கு வாருங்கள். டயோசிசன் தேர்தலில் யார் யாரைக் கவிழ்த்தார்கள், யார் கோர்ட்டுக்குப் போகப்போகிறார்கள் என்று மணிக்கணக்கில் நடக்கிற பேச்சு எந்த வகை ஸ்தோத்திரம்? அதில் நிற்பவர்களில் சிலர் கமிட்டி மேஜையிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைக் குறித்து இதுவரை ஒரு பிரசங்கமும் கேட்டதில்லை. சரி, அது வேறு கதை. கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்பது ஒன்றுதான். கழிப்பறையைத் திறந்து வையுங்கள். லைட்டையும் கம்பையும் சண்டே ஸ்கூல் அறைக்கு மாற்றலாம், தூக்கிவைக்க வாலிபர் சங்கத்துப் பையன்கள் தயார். மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றவும், சுத்தம் செய்பவருக்குக் கூலி கொடுக்கவும் மாதாமாதம் ஆகிற செலவில் என் பங்கைத் தந்துவிடுகிறேன். ஸ்தோத்திரப் பண்டிகை நெருங்குகிறது. அன்றைக்குக் காணிக்கைப் பொருட்களின் ஏலம் முடியச் சாயங்காலம் ஆகிவிடும், வெளியூர் ஜனங்களும் வருவார்கள்.

ஆகவே, அதற்கு முன்பாகவே கழிப்பறையைத் திறந்து வைக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். சாவி யாரிடம் இருக்கும் என்பதை வருகிற ஞாயிறு அறிவிப்பில் ஒரு வரியாகச் சேர்த்து வாசித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
சபையார் ஒருவர்