மோல்டர்ஸ் எழுதாத கடிதம்

இரண்டாம் உலகப் போர் விமானிகளைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்களுக்கும் காணொளி போடுகிறவர்களுக்கும்,

வணக்கம். உங்கள் கட்டுரைகளை விடாமல் படிக்கிறவன் நான். யார் எத்தனை விமானங்களை வீழ்த்தினார் என்பதில் அவ்வளவு கறாராக இருக்கிறீர்கள். ஆனால் ஆள் எப்படிப்பட்டவர் என்று வரும்போது ‘கண்ணியமான வீரர்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறீர்கள். அது எனக்கு உறுத்துகிறது.

ஜெர்மன் போர் விமானி வெர்னர் மோல்டர்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்தியுள்ள கத்தோலிக்கர். 1941 நவம்பர் 22 அன்று, ஜெர்மன் விமானப்படைத் தளபதிகளில் ஒருவரான எர்ன்ஸ்ட் உடெட்டின் இறுதிச் சடங்குக்குப் பயணியாகப் போகும் வழியில் பிரெஸ்லாவில் (இன்று போலந்தின் வ்ரோத்ஸ்வாஃப்) விமானம் விழுந்து இறந்தார். அடுத்த சில மாதங்களில் ஜெர்மனியில் ஒரு கடிதம் கைமாறிக் கைமாறிப் போனது. தன் விசுவாசத்தைப் பற்றி ஒரு பாதிரியாருக்கு அவர் எழுதியதாம். மக்கள் பிரதி எடுத்துப் பரப்பினார்கள், ஆலயங்களில் வாசித்தார்கள். பிரிட்டிஷ் பிரசாரப் பிரிவு ஜோடித்த போலிக் கடிதம் அது! அவர் பக்தி உண்மை. அதற்காக அந்தக் கடிதத்தை வைத்து அவரை நாஜி எதிர்ப்பாளர் ஆக்கிவிட முடியுமா? ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் ஃபிராங்கோவுக்கு உதவ ஹிட்லர் அனுப்பிய கொண்டோர் படையணியில் பறந்தவர் என்பதால் 2005இல் ஜெர்மனி தன் விமானப்படைப் பிரிவு ஒன்றுக்கு இருந்த அவர் பெயரை எடுத்துவிட்டது. இதையும் சேர்த்துத்தானே எழுத வேண்டும்?

அப்புறம், போருக்குப் பின் வந்த நினைவுக் குறிப்புகள். பிழைத்தவர்கள் ஊர் அறியச் சொன்னவை அவை. ஊருக்குத் தெரியாமல் பேசியதும் பதிவாகியிருக்கிறது. லண்டனுக்கு அருகே டிரென்ட் பார்க், லாட்டிமர் ஹவுஸ் போன்ற இடங்களில் ஜெர்மன் போர்க் கைதிகளின் அறைகளில் பிரிட்டிஷார் ஒலிவாங்கிகளை ஒளித்து வைத்திருந்தார்கள். வேறொரு அறையில் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்து இசைத்தட்டில் பதிவு செய்தவர்களில் பலர் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதர்கள். சாலையில் ஓடிய மக்களைச் சுட்டதை ரசித்துச் சொல்லும் விமானப்படையினரின் பேச்சும் அந்தப் பதிவுகளில் உண்டு. சக கைதியிடம் பீற்றிக்கொண்டதும் கலந்திருக்கும், சரி. அதைக் கழித்த பிறகும் நெஞ்சைப் பிசைகிறது.

நல்லதைச் சொல்லக் கூடாது என்பதில்லை. 1943 டிசம்பர் 20 அன்று, குற்றுயிராகப் பறந்த அமெரிக்க பி-17 குண்டுவீச்சு விமானத்தைச் சுடாமல் கூடவே பறந்துபோய் வழியனுப்பினார் ஜெர்மன் விமானி ஃபிரான்ஸ் ஸ்டீக்லர். அதை நான் முழுசாக நம்புகிறேன். அந்த பி-17ஐ ஓட்டிய சார்லி பிரவுனும் அதையே சொன்னார். 1990இல் ஸ்டீக்லரைத் தேடிக் கண்டும் பிடித்தார்.

அடுத்த கட்டுரையில் ஒரே ஒரு வரி கூடுதலாக எழுதுங்கள்: இது அன்று அவர் கைப்பட எழுதியதா, பின்னாளில் நினைவுகூர்ந்ததா, ஒளித்து வைத்த ஒலிவாங்கியில் விழுந்ததா.

அன்புடன்,
உங்கள் வாசகன்