பழைய உழவு இயந்திரத்துக்குப் பெரிய என்ஜின்: பின்பக்கம் தாங்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத்தில் கொழுந்து ஏற்றவும் மரக்கறித் தோட்டங்களுக்கு உரம் கொண்டுசெல்லவும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மெஸி பெர்குசன் 35, 135 போன்ற பழைய உழவு இயந்திரங்களில், தேய்ந்துபோன என்ஜினைக் கழற்றிவிட்டு லொறியிலிருந்து எடுத்த பெரிய என்ஜினைப் பூட்டிக்கொள்வோர் உண்டு. புதியதின் விலையைப் பார்த்தால் அவர்களைக் குறைசொல்ல மனம் வராது. ஆனால், கூட்டிய வலு போய்ச்சேரும் கிளட்ச், கியர்பொக்ஸ், பின் எக்சல் ஆகியவற்றையும் பிரேக்கையும் அவர்களிற் பலர் கவனிப்பதில்லை என்பதே என் கவலை.

காற்றை அழுத்தி ஊட்டும் டேர்போ இல்லாத டீசல் என்ஜின், ஒவ்வொரு 300 மீற்றர் உயரத்துக்கும் ஏறத்தாழ 3 சதவீத வலுவை இழக்கிறது. ஆகவே 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், குறையேதுமில்லாத என்ஜினும் ஐந்தில் ஒரு பங்கு வலுவை இழந்தே நிற்கும். கரும்புகை தள்ளுகிறது, மேடு ஏறவில்லை என்பதற்காக என்ஜினையே தூக்கி எறியுமுன் இன்ஜெக்டரையும் டீசல் பம்பையும் சோதிப்பது நல்லது.

மாற்றியே ஆகவேண்டுமெனில், இவ்வகை இயந்திரங்களுக்குத் தனியான சட்டகம் கிடையாது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். வார்ப்பிரும்பாலான என்ஜினும் கியர்பொக்ஸும் பின் எக்சலின் உறையும் ஒன்றோடொன்று போல்ட் செய்யப்பட்டு அவையே முதுகெலும்பாக நிற்கின்றன. தகட்டாலான எண்ணெய்த் தொட்டியுடன் வரும் லொறி என்ஜினால் முன் எக்சலின் பாரத்தைச் சுமக்க முடியாது. இருபுறமும் உறுதியான தாங்குசட்டம் அமைக்காமல் பூட்டினால் இணைப்பிலேயே வெடிப்பு விழும்.

மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் பூட்டிய 35 ஏறத்தாழ 37 குதிரைவலு கொண்டது; அதன் பின்பக்கமும் அந்த அளவுக்கே அமைக்கப்பட்டது. கியர்பொக்ஸின் பின்னாலுள்ள கோள்பற்சக்கரத் தொகுதி 'லோ' எனும் தாழ்வேக நிலையில் முறுக்குவிசையை நான்கு மடங்காக்கி, பின் எக்சலைச் சுழற்றும் சிறு பற்சக்கரமான பினியனுக்கு அனுப்புகிறது. பாரமில்லாத சக்கரமாயின் வழுக்கிச் சுழன்று விசையை விட்டுவிடும். தண்ணீர் நிரப்பிய டயரும் கொக்கியை அழுத்தும் ட்ரெயிலர் பாரமும் சேர்ந்தால் சக்கரம் வழுக்காது, ஒவ்வொரு சக்கரத்துக்கும் செல்லும் அரை எக்சலோ பினியன் பல்லோதான் முறியும். கிளட்ச் நழுவுகிறதென்று இன்னும் இறுக்கமான தட்டைப் போடுவோர், மலிவாக மாற்றக்கூடிய ஒன்றைக் காப்பாற்றி விலைகூடியதை உடைக்கிறார்கள்.

மேடு ஏறுவதைவிட இறங்குவதே ஆபத்தானது. வேகமாகச் சுழலும் லொறி என்ஜினோடு பழைய கியர் விகிதம் அப்படியே இருந்தால், இயந்திரம் தன் பிரேக்குக்கு அடங்காத வேகத்தில் ஓடும். வேகம் இரு மடங்கானால் நிறுத்துவதற்கு நான்கு மடங்கு சக்தியை உறிஞ்சியாக வேண்டும். 35இன் கியர்பொக்ஸில், ஓடும்போதே பற்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்திக் கியர் விழவைக்கும் சிங்ரோமெஷ் இல்லை. றம்பொடை போன்ற இறக்கத்தில் நடுவழியில் கியரைக் குறைக்க முயன்று அது விழாமற்போனால், இயந்திரம் நியூட்ரலில் உருளும். உச்சியிலேயே தாழ்ந்த கியரைப் போட்டு, இடது வலது பிரேக் பெடல்களைக் கொளுவியால் இணைத்த பின்னரே இறங்க வேண்டும். வயலில் திரும்புவதற்காகக் கழற்றிய கொளுவியை வீதியில் மீண்டும் போடாத சாரதிகள் பலரைக் கண்டிருக்கிறேன்.

என்ஜின் மாற்றத்தைப் பதிவு செய்ய வரும் உழவு இயந்திரத்தில் என்ஜின் இலக்கத்தை மட்டும் சரிபார்த்து அனுப்பாமல், பிரேக்கையும் முன் தாங்குசட்டத்தையும் பரிசோதிக்குமாறு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தைத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். தோட்ட நிர்வாகங்களும் என்ஜினுக்குச் செலவிடும்போது ட்ரெயிலருக்குப் பிரேக் பூட்டும் செலவையும் அதே மதிப்பீட்டில் சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
தோட்டப் பணிமனை மெக்கானிக் ஒருவர்,
தலவாக்கலை.