அலகு அலகாக வேண்டாம், வாரம் வாரமாகத் தாருங்கள்

தொலைநிலைக் கல்வி இயக்ககங்களில் இணையவழிப் பாடங்களை வடிவமைக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். வேலைக்குப் போய்க்கொண்டே கரஸில் எம்.ஏ. முடித்தவள் நான். அப்புறம் போன வருடம் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் டிப்ளமோவில் சேர்ந்தேன். உங்களிடம் ஒரு கோரிக்கை இருக்கிறது: பாடத்தைப் படிப்பவரின் வாரக் கணக்கில் அடுக்கித் தாருங்கள்.

முதல் நாள் லாகின் செய்தபோது ஐந்து அலகுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பிடிஎஃப், ஒரு வீடியோ. மூன்றாம் அலகு 94 பக்கம். அதன் வீடியோ 58 நிமிடம். வகுப்பறையில் நடத்தியதை அப்படியே பதிவு செய்திருந்தார்கள். ஃபேன் சத்தத்தில் பாதி கேட்கவில்லை, போர்டில் எழுதியது ஃபோனில் தெரியவில்லை. அசைன்மென்ட் கடைசித் தேதி முகப்பில் இல்லை, அலகுகளுக்குள்ளும் இல்லை. தனியாகக் கிடந்த ஒரு சுற்றறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. நான் அதைப் பார்த்தபோது தேதி தாண்டி நான்கு நாள் ஆகிவிட்டது. அந்த பேப்பரை அடுத்த பருவத்தில்தான் முடித்தேன்.

ராத்திரி பத்து மணிக்குப் பாத்திரம் கழுவி வைத்துவிட்டு உட்காருகிறவருக்கு, இன்றைக்கு எதைப் படிப்பது என்பதுதான் முதல் கேள்வி. வகுப்பறையில் ஆசிரியர் அதைச் சொல்லிவிடுவார். "இந்தப் பகுதியை ஒருமுறை வாசித்தால் போதும், அடுத்ததில் நேரம் எடுங்கள்" என்பார். எங்களுக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை. பாடத்தின் அமைப்புதான் அதைச் சொல்ல வேண்டும்.

நேரக் கணக்கையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். இக்னோ என்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. அப்படியானால் நான்கு கிரெடிட் பேப்பருக்கு 120 மணி நேரம். 16 வாரத்தில் முடிக்க வேண்டுமென்றால், ஒரே பேப்பருக்கு வாரம் ஏழரை மணி. இதைச் சேரும்போதே சொன்னால், இந்தப் பருவத்தில் எத்தனை பேப்பர் தாங்கும் என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுப்போம். தெரியாமல் சேர்ந்து, நடுவில் விட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை.

இதற்கு முன்மாதிரி நம் ஊரிலேயே இருக்கிறது. ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் நடத்தும் என்பிடெல் என்ற இணையவழிப் பாடங்கள் 4, 8, 12 வாரம் என்று போகின்றன. அந்த வாரத்து வீடியோக்கள், அந்த வாரத்து அசைன்மென்ட், அதன் கடைசித் தேதி எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். 2017இல் வந்த, மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயமும் வீடியோ, படிக்கும் பொருள், கலந்துரையாடல், மதிப்பீடு என்ற நான்கையும் ஒரு பாடத்துக்குத் தேவை என்று வைத்திருக்கிறது. நான் படித்த பாடத்திலும் நான்கும் இருந்தன, ஆனால் நான்கு மூலையில். வீடியோ பார்த்து, இரண்டு பக்கம் வாசித்து, ஐந்து கேள்விக்குப் பதில் எழுதி, சந்தேகத்தைக் கேட்பது எல்லாம் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வந்தால் போதும்.

வீடியோவை வெட்டுங்கள். எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்டதை ஆராய்ந்து 2014இல் ஒரு கட்டுரை வந்தது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஆறு நிமிடத்துக்கு மேல் தங்கவில்லை. பஸ்ஸில் படிக்கிற எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. அரைமணி பயணத்தில் ஆறு நிமிட வீடியோ மூன்றைப் பார்த்துவிடலாம். 58 நிமிட வீடியோவில் எங்கே விட்டேன் என்று தேடவே நேரம் போய்விடும். ஆடியோவைத் தனியாகவும் கொடுத்தால் டேட்டா மிச்சமாகும்.

அசைன்மென்ட்டில் மதிப்பெண்ணை மட்டும் போட்டுத் திருப்பாதீர்கள். 1971இல் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கிய பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், விடைத்தாளைத் திருத்தும் ஆசிரியர் கருத்தும் எழுதி அனுப்புவார். எனக்கு எம்.ஏ.வில் ஒரே ஒருமுறை அப்படி வந்தது: "மேற்கோளோடு நிறுத்திவிட்டீர்கள், உங்கள் கருத்து எங்கே?" அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஜூலை அட்மிஷன் தொடங்குவதற்குள் ஒரு பேப்பரையாவது இப்படி மாற்றிப் பாருங்கள். மாற்றியதும் வீட்டில் யாரிடமாவது ஃபோனைக் கொடுத்து, இந்த வாரம் என்ன படிக்க வேண்டும், அசைன்மென்ட் எப்போது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார்கள் என்றால் அந்தப் பாடத்தைத் திறந்துவிடலாம்.

நன்றியுடன்,
உங்கள் மாணவி ஒருத்தி