பீட்டோட முகத்துல இருக்கறது புகைக்கூண்டுக் கரி இல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல ஐரோப்பாவோட டிசம்பர் பண்டிகைகள் பத்தி வந்த கட்டுரை படிச்சேன். நெதர்லாந்து பத்தி எழுதினது மட்டும் மனசுல முள்ளா குத்திட்டு இருக்கு, ரெண்டு நாளா எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சு இப்பதான் உக்காந்து டைப் பண்றேன். குழந்தைங்களுக்குப் பரிசு கொண்டு வர்ற சின்டர்கிளாஸ் தாத்தா கூட வர்ற வேலையாள் ஸ்வார்ட்ட பீட், அதாவது கறுப்பு பீட், புகைக்கூண்டு வழியா இறங்குறதால முகமெல்லாம் கரி அப்பின குறும்புக்காரன்னு போட்டிருந்தீங்க, பக்கத்துலயே ஒரு போட்டோவும். நான் 2012-லேருந்து ஐந்தோவன்ல இருக்கேன். முதல் வருஷம் அந்தக் கரிக்கதைய நானும் அப்படியே நம்பினேன்.

நவம்பர் நடுவுல சின்டர்கிளாஸ் ஸ்பெயின்லேருந்து நீராவிக் கப்பல்ல வந்து இறங்குவார், செவப்பு அங்கி, பிஷப் தொப்பி, வெள்ளைக் குதிரை, ஊர் மொத்தமும் குழந்தைங்கள தோள்ல தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கும். டிசம்பர் 5 வரைக்கும் குழந்தைங்க ராத்திரி ஷூவுக்குள்ள குதிரைக்கு ஒரு கேரட்ட வெச்சுட்டுத் தூங்கும், காலையில பாத்தா அங்க அவங்க பேரோட முதல் எழுத்து சாக்லேட்ல இருக்கும். அவ்ளோ அழகான பண்டிகை, எனக்கு ரொம்பப் பிடிக்கும், பிடிக்கறதாலதான் இத்தனையும் எழுதுறேன். அந்த முதல் வருஷம் ஒரு பீட் குனிஞ்சு என் பொண்ணு கையில ஒரு பிடி பெப்பர்நோட்டன் போட்டாரு, சின்னச் சின்னதா பட்டை கிராம்பு வாசனையோட இருக்குமே அந்த பிஸ்கட்டு. அப்பதான் கிட்ட பாத்தேன். முகம் முழுக்க பாலிஷ் போட்ட மாதிரி கறுப்பு, உதட்டத் தாண்டி பெருசா இழுத்து விட்ட செவப்பு லிப்ஸ்டிக், சுருட்டை விக், காதுல வளையம், கழுத்துல லேஸ் வெச்ச காலர், அது தும்பப்பூ மாதிரி வெள்ளை. காது மடலுக்குப் பின்னாடி பெயிண்ட் படாம விட்டுப்போன எடத்துல ரோஸ் கலர் தோல் தெரிஞ்சுது. புகைக்கூண்டுல இறங்கி வந்தவர் காலர்ல ஒரு பொட்டு கரி கூட இல்லையேன்னு அன்னிக்கு வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் எனக்கு அதே நெனப்பு. கரி பட்டா முடி சுருளுமா, உதடு தடிக்குமா?

அப்புறம்தான் தேடிப் படிச்சேன். இந்த உருவத்த வீட்டுக்கு வீடு கொண்டு போனது 1850-ல ஆம்ஸ்டர்டாம்ல யான் ஸ்கென்க்மன்னு ஒரு பள்ளிக்கூட வாத்தியார் குழந்தைங்களுக்குப் போட்ட படப்புத்தகம், நீராவிக் கப்பலும் அதுலேருந்துதான் வந்துது. அந்த வருஷம் தென் அமெரிக்காவுல டச்சுக் காலனியா இருந்த சுரினாம்ல டச்சுக்காரங்க தோட்டத்துல கறுப்பின மக்கள் அடிமைங்களா கரும்பு வெட்டிட்டு இருந்தாங்க. அடிமை முறைய சட்டப்படி எடுத்ததே 1863 ஜூலை 1-லதான், எடுத்த பிறகும் பெரும்பாலானவங்கள இன்னொரு பத்து வருஷம் தோட்டத்துலயே கட்டாயமா வேலை வாங்கினாங்க. பின்னாடி பல வருஷம் பீட்டா வேஷம் கட்டினவங்க சுரினாம்காரங்க பேசற மாதிரி டச்ச கொச்சையா பேசிக் காட்டி சிரிக்க வெச்சிருக்காங்க. இதுல புகைக்கூண்டு எங்கேருந்து வந்துது?

2014-ல என் பொண்ணுக்கு ஆறு வயசு. ஸ்கூல்ல சின்டர்கிளாஸ் விளையாட்டு, இவ அட்டையில செஞ்ச பிஷப் தொப்பிய எடுத்துத் தலையில வெச்சிருக்கா, கூட இருந்த புள்ளைங்க அத வாங்கிட்டு பீட்டோட தொப்பியக் கொடுத்து "உனக்கு பெயிண்ட்டே வேணாம்"னு சொல்லியிருக்குங்க. அதுங்கள நான் திட்டல, அது அதுங்க காதுல விழுந்த பேச்சு. அந்த வருஷம் மார்ச்சுலதான் பிரதமர் மார்க் ருட்டே பத்திரிகைக்காரங்க முன்னாடி, கரீபியன்ல இருக்கற என் நண்பர்களுக்கு சந்தோஷம், அவங்க முகத்துல பூசிக்கத் தேவையில்ல, எனக்குத்தான் அந்தச் சாயம் போக நாள் கணக்காகுதுன்னு பேசியிருந்தார். பிரதமர் சொன்னதும் ஆறு வயசுக் குழந்தை சொன்னதும் ஒரே வார்த்தை. அவ அன்னிக்கு சாயங்காலம் ஷூவ எடுத்து வைக்கவே மாட்டேன்னுட்டா, கேரட் கிச்சன் மேடையிலயே கிடந்துது.

இதத் தட்டிக் கேட்டவங்களுக்கு என்ன நடந்துதுன்னும் உங்க வாசகர்களுக்குத் தெரியணும். 2011-ல கறுப்பு பீட் இனவெறின்னு டி ஷர்ட்ல எழுதிப் போட்டுட்டு டார்ட்ரெக்ட் ஊர்வலத்துல நின்ன குவின்சி காரியோவையும் ஜெரி அஃப்ரியீயையும் போலீஸ் பிடிச்சு இழுத்துட்டுப் போச்சு. 2017-ல டாக்கும் ஊர் ஊர்வலத்துல எதிர்ப்பு காட்ட இவங்க வந்த பஸ்ஸ, கறுப்பு பீட் வேணும்னு சொல்றவங்க மெயின் ரோட்லயே காரக் குறுக்க விட்டு மறிச்சாங்க. 2018-ல எங்க ஐந்தோவன்லயே அமைதியா பேனர் பிடிச்சு நின்னவங்க மேல முட்டை எறிஞ்சு கண்டபடி கத்தினாங்க. குழந்தைங்க பண்டிகைக்குன்னு வந்த கூட்டத்துலதான் இது.

ஆனா அவங்க விடாம நின்னதாலதான் மாறுச்சு. 2019-ல அப்பல்டோர்ன்ல டிவியில காட்டுற தேசிய ஊர்வலத்துல முழுக்க கறுப்பு பூசின பீட் ஒருத்தர் கூட இல்ல, கன்னத்துல அங்கங்க கரிக்கோடு தீத்தின பீட்டுங்கதான். 2020 ஜூன்ல அதே ருட்டே பார்லிமென்ட்ல, கறுப்பா இருக்கற சின்னக் குழந்தைங்க இதனால எவ்ளோ வேதனைப்படுறாங்கன்னு கேட்ட பிறகு என் எண்ணம் மாறிடுச்சுன்னு சொன்னார். பெப்பர்நோட்டன் குறையல, பாட்டு குறையல. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு இப்ப நாலு வயசு, கரிக்கோடு போட்ட பீட்டத்தான் அதுக்குத் தெரியும், அது பாட்டுக்கு துள்ளிக் குதிக்குது.

இங்க இருக்கற நம்ம ஆளுங்ககிட்டயும் எனக்கு வருத்தம் உண்டு. வாட்ஸ்அப் குரூப்ல நான் இதப் பேசினப்ப எல்லாம் "வந்த எடத்துல நமக்கு எதுக்கு வம்பு, அது ஆப்பிரிக்கக்காரங்க விஷயம்"னுதான் பதில் வந்துது. எங்க அம்மா ஊர் நாகப்பட்டினம். 1658-ல அந்த ஊரப் பிடிச்ச ஒல்லாந்தர் கம்பெனி, அதாவது இதே டச்சுக்காரங்களோட வியாபாரக் கம்பெனி, அடுத்த வருஷங்கள்ல தஞ்சாவூர்ப் பக்கம் பஞ்சம் வந்தப்ப சோத்துக்கு வழியில்லாம நின்ன நம்ம ஜனங்கள ஆயிரக்கணக்குல அடிமையா வாங்கி கப்பல்ல ஏத்தி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் (இப்போதைய ஜகார்த்தா) அனுப்புச்சு. வேற யாரோட விஷயம்னு நாம எப்படி ஒதுங்கறது?

உங்ககிட்ட நான் கேக்கறது ரெண்டுதான். அடுத்த இதழ்ல அந்தக் கரிக்கதைக்கு ஒரு திருத்தம் போடுங்க. இணையப் பதிப்புலயாவது அந்த போட்டோவ எடுத்துருங்க, அது பழைய ஊர்வலத்தோட படம், இப்ப பெரிய ஊர்கள்ல அப்படி யாரும் வர்றதில்ல. வேற படம் கிடைக்கலைன்னா சொல்லுங்க, நவம்பர்ல எங்க ஊர் ஊர்வலத்துக்குப் போறப்ப நானே எடுத்து அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஐந்தோவன், நெதர்லாந்து