கூண்டில் இறங்குமுன் கவனிக்க வேண்டியவை

கோத்தகிரி

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தங்கச்சி கேப் டவுனிலேயே கொஞ்ச நாள் இருந்து மகளைப் பார்த்துக்கொள்ளட்டும், கொடைக்கானல் எங்கேயும் ஓடிப்போகாது. இங்கே கொழுந்து வரத்து குறைவு, மழை பிடித்தால்தான் உண்டு. சரி, நீ கேட்டதற்கு வருகிறேன்.

கடலில் கூண்டுக்குள் நின்று சுறா பார்க்கப் போகிறாய், அந்தக் கூண்டுக் கம்பி தாங்குமா, தாங்குமா என்றுதான் பக்கத்துக்குப் பக்கம் கேட்டிருக்கிறாய். தாங்கும். நீ கவலைப்பட வேண்டியது குளிர், எடை, மாஸ்க், வயிறு, இவற்றைப் பற்றித்தான். அதற்கும் மேலாகக் கடலைப் பற்றி. 2008 ஏப்ரலில், நீ போகப்போகிற அதே தென்னாப்பிரிக்கக் கடற்கரை ஊர் கன்ஸ்பாய் பக்கம் சுறா பார்க்கப் போன படகு ஒன்று பெரிய அலையில் கவிழ்ந்து 3 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். அதில் சுறாவுக்குச் சம்பந்தமே இல்லை. "இன்று கடல் சரியில்லை, போகவில்லை" என்று படகுக்காரர் சொன்னால் சண்டை போடாமல் திரும்பி வா.

மகள் வீட்டிலிருந்து கன்ஸ்பாய் காரில் இரண்டு, இரண்டரை மணி நேரம். க்ளெய்ன்பாய் துறைமுகத்தில் ஏற்றிக்கொண்டு டையர் தீவுப் பக்கம் போய் நங்கூரம் போடுவார்கள். ஆனால் விளம்பரத்தில் வாயைப் பிளக்கிற வெள்ளைச் சுறாவை மனதில் வைத்துக்கொண்டு போகாதே. 2017இல் கல்லீரல் இல்லாத வெள்ளைச் சுறாக்கள் அங்கே கரை ஒதுங்கின. ஓர்கா என்கிற கொலைத் திமிங்கிலங்களின் வேலை. அதன்பின் அந்தக் கடலில் வெள்ளைச் சுறா அரிதாகிவிட்டது. இப்போது கூண்டைச் சுற்றுவது பெரும்பாலும் ப்ரான்ஸ் வேலர் என்கிற வகை, 3 மீட்டர் வரை வளரும். என் கணக்கில் அதுவே போதும். சுறா என்றால் புட்டு என்றிருக்கிற நமக்கு அந்த அளவு மீன் முகத்துக்கு நேரே வந்தால் அசந்துதான் போவோம். வெள்ளைச் சுறாதான் வேண்டும் என்றால் ஆஸ்திரேலியாவில் போர்ட் லிங்கன் போய் நெப்டியூன் தீவுகளுக்குப் படகேற வேண்டும். மெக்ஸிகோவின் குவாதலூப்பே தீவு வீடியோக்களை அனுப்பியிருந்தாய். 2023இல் அங்கே சுறாச் சுற்றுலாவையே மூடிவிட்டார்கள்.

அந்த வீடியோக்களில் ஒன்று, சுறா கூண்டுக்குள்ளேயே புகுந்தது, 2016இல் நடந்தது. உன் பயமெல்லாம் அதில்தான் ஆரம்பித்திருக்கும். சுறா ஆளைத் தேடி வரவில்லை. கயிற்றில் கட்டிய இரையைக் கடிக்கப் பாய்ந்தது. கடிக்கிற நேரத்தில் வெள்ளைச் சுறா கண்ணை உள்ளே உருட்டிக்கொள்ளும், முன்னால் இருப்பது தெரியாது. அதற்குப் பின்னோக்கி நீந்தவும் வராது. கம்பி இடைவெளியில் தலை நுழைந்துவிட்டால் முன்னால் முட்டிக்கொண்டு போவதைத் தவிர வழி கிடையாது. எனவே கேட்க வேண்டிய கேள்வி கம்பி எத்தனை தடிமன் என்பதல்ல, இரைக் கயிற்றை எந்தப் பக்கம் இழுக்கிறார்கள் என்பது. கூண்டுக்குக் குறுக்காக, ஓரமாக இழுப்பவர் தொழில் தெரிந்தவர். படம் நன்றாக வரட்டும் என்று கூண்டை நோக்கியே இழுப்பவரின் படகில் ஏறாதே.

கூண்டு துத்தநாகம் பூசிய இரும்பில் இருக்கும், சில இடங்களில் அலுமினியம். படகின் பக்கவாட்டில் கட்டியிருப்பார்கள். மேலே மிதவைகள், திறந்து மூடும் கதவு. நீ நிற்கும் ஆழம் 2 மீட்டர்தான், கூண்டின் தலைப்பகுதி தண்ணீருக்கு மேலேயே நிற்கும். உள்பக்கம் கைக்கு ஒரு கம்பி, காலுக்கு ஒரு கம்பி. பிடிப்பது எப்போதும் உள்கம்பியை மட்டும். வெளிக்கம்பியில் விரலைச் சுற்றினால் விரல் கூண்டுக்கு வெளியே இருக்கிறது என்று அர்த்தம். செல்ஃபி குச்சிக்கும் இதுதான் சட்டம். சுறா வந்து கம்பியை முட்டினாலோ கடித்தாலோ பதறாதே. அதன் மூக்கில் மின்புலத்தை உணரும் நுண்துளைகள் உண்டு. உப்புத் தண்ணீரில் உலோகம் கிடந்தால் லேசான மின்சாரம் கசியும், அதைச் சோதித்துப் பார்க்கிறது. படகு எஞ்சினையும் அப்படித்தான் கடிக்கும்.

ஜனவரி விடியலில் ஸ்வெட்டர் இல்லாமல் ஏரியைச் சுற்றுகிறவன் நான் என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பெருமை அங்கே செல்லாது. காற்றைவிடத் தண்ணீர் உடம்புச் சூட்டை ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உறிஞ்சும். கன்ஸ்பாய் தண்ணீர் 12 முதல் 18 டிகிரி. 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்சூட் (உடம்போடு ஒட்டும் ரப்பர் உடை), தலைக்கு ஹூட், காலுக்கு பூட்டி, மூன்றும் வேண்டும். அந்த ரப்பரான நியோப்ரீனுக்குள் இருக்கும் வாயுக் குமிழிகள் குளிரைத் தடுக்கும். உள்ளே புகும் கொஞ்சம் தண்ணீர் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகி நிற்கும். சூட் தொளதொளவென்று இருந்தால் ஒவ்வொரு அசைவுக்கும் அந்தத் தண்ணீர் வெளியேறி புதுத் தண்ணீர் வரும், பத்து நிமிடத்தில் பல் கிட்டிவிடும். கழுத்திலும் இடுப்பிலும் பை போல உப்பாமல் இருக்கிறதா என்று டெக்கிலேயே பார்த்து, இல்லையென்றால் மாற்றிக் கேள். மாட்டும்போது பாதத்தில் ஒரு பிளாஸ்டிக் கவரைப் போட்டுக்கொண்டு காலை விட்டால் வழுக்கிக்கொண்டு இறங்கும். ஜிப் முதுகுப் பக்கம்.

அந்தக் குமிழிகளே உன்னை மேலே தூக்கும். ஆழத்தில் அழுத்தம் அவற்றை நசுக்கிவிடும், சூட் மெலிந்து தூக்கும் சக்தி குறையும். 2 மீட்டரில் அப்படி நசுங்காது. அதனால்தான் 20 மீட்டர் இறங்குகிறவனைவிடக் கூண்டில் நிற்கிறவனுக்கு இடுப்பு பெல்ட்டில் அதிக ஈய எடை தேவைப்படுகிறது. உன் உடம்புக்கு 10 கிலோவுக்கு மேல் கட்டினாலும் ஆச்சரியப்படாதே. குறைவாகக் கட்டினால் கால் மேலே எழும்பி கம்பிக்கு வெளியே நீளும், ஆபத்து அதுதான். பெல்ட்டை எல்லாவற்றுக்கும் மேலே, கடைசியாகக் கட்டு. ஒரே இழுப்பில் கழன்று வருகிற பக்கிள் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். காலில் மாட்டும் துடுப்பு வேண்டாம், ஸ்னார்க்கல் என்கிற மூச்சுக் குழலும் வேண்டாம்.

கன்ஸ்பாயில் மூச்சடக்கித்தான் பார்க்கிறார்கள். தலை வெளியே இருக்க நிற்பாய், மேலிருந்து "டவுன்!" என்று கத்துவார்கள். ஒரு மூச்சு இழுத்து, உள்கம்பியைப் பிடித்து உடம்பைக் கீழே இழுத்து, கால்கம்பிக்கு அடியில் பாதத்தைக் கொடுத்து நில். நெப்டியூன் தீவுகளில் முறை வேறு: டெக்கிலிருந்து கம்ப்ரஸர் காற்று குழாய் வழியாக வாயில் உள்ள ரெகுலேட்டருக்கு வரும். என்றாவது அங்கே போனால் இதை மறக்காதே: குழாய்க் காற்றைச் சுவாசித்துவிட்டு மூச்சை அடக்கியபடி மேலே ஏறவே கூடாது. 2 மீட்டரில் இழுத்த காற்று மேலே வரும்போது ஐந்தில் ஒரு பங்கு விரியும், நுரையீரல் கிழிய அது போதும். மேலே இழுத்த மூச்சோடு இறங்கி ஏறுகிறவனுக்கு இந்தத் தொல்லை இல்லை.

மாஸ்க்தான் நிறையப் பேருடைய நாளைக் கெடுக்கும். புது மாஸ்க் கண்ணாடியில் சிலிக்கான் படலம் இருக்கும், பற்பசை போட்டு உள்பக்கம் நன்றாகத் தேய்த்துக் கழுவினால்தான் போகும். இறங்குமுன் எச்சில் அல்லது குழந்தை ஷாம்பு ஒரு சொட்டு தடவி, லேசாக அலசு. ஹூட்டின் ஓரம் மாஸ்க் ரப்பருக்கு அடியில் மாட்டினாலும், ஒரு முடி மாட்டினாலும் தண்ணீர் இறங்கும். உன் மீசை நிச்சயம் ஒழுகவைக்கும். மூக்குக்குக் கீழே ஒரு கோடு மழி, மனசு வரவில்லை என்றால் வாசலின் பூசிக்கொள். தண்ணீர் புகுந்தால் மேல்விளிம்பை அழுத்தி, அண்ணாந்து, மூக்கால் ஊது.

அப்புறம் வயிறு. கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுக்காதவனும் இங்கே கவிழ்வான். ஓடுகிற படகு பரவாயில்லை. நங்கூரம் போட்டு ஆடுகிற படகில் அரைத்த மத்தியும் மீன் எண்ணெயும் கலந்த கூழை ஊற்றிக்கொண்டு ஒரு மணி, இரண்டு மணி காத்திருக்க வேண்டும். வாந்தி மாத்திரை அவோமினை முந்தின இரவே ஆரம்பிக்கணும், குமட்டல் வந்தபின் போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறாயே, டாக்டரைக் கேட்டுக்கொண்டு போடு.

போவதற்குமுன் புதுச்சேரியில் ஸ்கூபா (காற்று சிலிண்டரோடு மூழ்குவது) பழகலாமா என்று கேட்டிருந்தாய். பழகு. ஆனால் அன்று இரவே வத்தலகுண்டு வழியாக வீட்டுக்கு ஏறிவிடாதே. கொடைக்கானல் 2,100 மீட்டர், விமானத்துக்குள் இருக்கும் அழுத்தமும் கிட்டத்தட்ட அந்த உயரத்துக்கு உரியதுதான். அதனால் விமானத்துக்கான விதியே மலைக்கும்: ஒரே டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் கீழேயே இரு. இல்லாவிட்டால் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் மூட்டில் குமிழியாக வந்து நிற்கும். கூண்டில் மூச்சடக்கிப் பார்ப்பதற்கு இந்தக் கணக்கு தேவையில்லை.

மூக்குக்கண்ணாடியோடு மாஸ்க் போட முடியாது. பவர் லென்ஸ் மாஸ்க் செய்துகொள்ள வேண்டும், அதற்குக் கொஞ்ச நாள் ஆகும். உன் பவர் சீட்டைப் படம் எடுத்து இந்த வாரமே அனுப்பு.

அன்புடன்,
ராஜன்