நுண்கலை மன்றம் – செயலாளரின் ஆண்டறிக்கை: நாலேழு நாள் விழா

மன்றத் தலைவருக்கும், பொறுப்பாசிரியருக்கும், பொதுக்குழுவுக்கு நேரில் வந்திருக்கிற உறுப்பினர்களுக்கும், வராமல் வாட்ஸப்பில் இதைப் படித்துவிட்டுக் கட்டைவிரல் மட்டும் போடப்போகிற மீதிப் பேருக்கும் வணக்கம்.

ஜூன் முதல் ஜனவரி வரை நாம் செய்ததைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன். புது உறுப்பினர்களைச் சேர்த்தோம், சுவரிதழ் போட்டோம், செயற்குழுவைக் கூட்டினோம், அதில் இரண்டு கூட்டங்கள் ஆள் சேராமல் தள்ளிப்போயின. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். அதில் நான் வாயைக் கொடுக்கவில்லை. மீதி அறிக்கை முழுக்கப் பிப்ரவரி மாதம்தான், ஏனென்றால் இந்த வருடம் மன்றம் உயிரோடு இருந்தது அந்த மாதத்தில்தான்.

வழக்கமாக நம் கலைவிழா இரண்டே நாள். அந்த இரண்டு நாளில் நான்கு இடத்தில் ஒரே நேரத்தில் நிகழ்ச்சி நடக்கும், ஓவியம் வரைகிறவர் நாடகம் பார்க்க முடியாது, கவிதை வாசிக்கிறவர் குரல் பக்கத்து அரங்கின் ஸ்பீக்கரில் காணாமல் போகும், கடைசியில் யார் சாம்பியன் என்ற சண்டை மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதனால் மாதம் முழுக்கப் பரப்பி வைக்கலாம் என்று கேட்டுக்கொண்டு முதல்வர் அறைக்குப் போனோம். "மாசம் பூராவுமா? அப்ப பாடம் எப்ப நடத்துறது?" என்றார். கூட வந்த தமிழ்த்துறை மேடம்தான் காப்பாற்றினார். "சார், மணிமேகலையில இந்திர விழா நாலேழு நாள், இருபத்தெட்டு நாள் நடக்குது. நம்ம பிப்ரவரியும் இருபத்தெட்டு நாள்தான்." முதல்வர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தக் காலத்துல செமஸ்டர் இல்லையே மேடம்" என்றார். ஆனால் கையெழுத்துப் போட்டார். மாலை 4 மணிக்கு மேல்தான் எதுவும், வளாகத்தில் நெருப்பு எந்த வடிவத்திலும் கூடாது என்று இரண்டு நிபந்தனை. இரண்டாவது நிபந்தனையை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது பிறகு வருகிறது.

மேடம் சொன்னதால் மணிமேகலையில் அந்த விழாவை அறிவிக்கிற பகுதியான விழாவறை காதையை எடுத்துப் படித்தோம். யானை மேல் முரசை ஏற்றி, புகார் நகரத்துக்கு விழா அறிவிப்பு. பழைய மணலை மாற்றிப் புது மணல் போடுங்கள், வாதம் செய்கிறவர்கள் பட்டிமண்டபம் ஏறுங்கள் என்று வரிசையாகப் போகிறது. நடுவில் ஒன்று வருகிறது பாருங்கள்: உங்களுக்குப் பிடிக்காதவர்களே எதிரில் வந்தாலும் கோபமோ கலகமோ செய்யாமல் விலகிப் போங்கள் என்று. போன வருடம் பாட்டுப் போட்டி முடிவு அறிவித்ததும் இரண்டு துறைக்காரர்கள் நாற்காலி தூக்கியதை நினைத்துக்கொண்டு, அந்த வரியை மட்டும் பெரிய எழுத்தில் அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். இந்த வருடம் நாற்காலி எதுவும் உடையவில்லை. வரியின் மகிமையா, பாதி நிகழ்ச்சிகளுக்குப் பரிசே வேண்டாம் என்று எடுத்த முடிவா என்று தெரியாது. எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை.

முதல் வாரம் புகைப்படக் குழுவுடையது. வழக்கம்போல் படங்களைச் சட்டம் போட்டு மாட்டுவார்கள் என்று நினைத்திருந்தேன். அவர்கள் மாடியில் கிழக்குப் பார்த்த வகுப்பறை ஒன்றைக் கேட்டு வாங்கி, ஜன்னல் எல்லாவற்றையும் கறுப்புத் தாளாலும் கறுப்புத் திரையாலும் அடைத்து, ஒரே ஒரு ஓட்டை விட்டார்கள். அவ்வளவுதான் கண்காட்சி. உள்ளே போனதும் ஒன்றும் தெரியாது. ஐந்து நிமிடம் கண் பழகியதும் எதிர்ச் சுவரில் வெளியே நிற்கிற வேப்பமரம் தலைகீழாக, நிறத்தோடு, இலை அசைய நின்றது. வெளிச்சம் நேர்கோட்டில் போகிறது, மரத்தின் உச்சியிலிருந்து வருவது ஓட்டை வழியாகக் கீழே விழுகிறது, அடியிலிருந்து வருவது மேலே போகிறது. பள்ளியில் படித்ததுதான். படித்தது வேறு, சுவரில் மரம் தலைகீழாக ஆடுவதைப் பார்ப்பது வேறு. முதலில் நாணயம் அளவு ஓட்டை வைத்தார்கள், படம் வெளிச்சமாக ஆனால் கலங்கலாக இருந்தது. சட்டைப் பொத்தான் அளவுக்குக் குறைத்ததும் தெளிந்தது, அதே அளவுக்கு மங்கியும் போனது. மூன்றாமாண்டு அண்ணன் ஒருவர் இருட்டில் ரசித்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று "டேய், அது என் பைக்டா" என்று கத்திக்கொண்டு வெளியே ஓடினார். மரத்தடியில் அவருடைய நண்பன் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போவது தலைகீழாகத் தெரிந்திருக்கிறது. அடுத்த நாள் வரிசை படிக்கட்டு வரை நின்றது.

அந்த வாரத்திலேயே மேடை அளக்கிற வேலையும் நடந்தது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஆடிய அரங்கத்துக்கு அளவு இருக்கிறது: 24 விரல் ஒரு கோல், அரங்கம் 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம், மேலே உத்தரம் 4 கோலில், வாசல் இரண்டு. எந்த விரல் என்பதில் அரை மணி நேரம் தகராறு. கடைசியில் பெருவிரல் என்று வைத்துக்கொண்டு, சராசரிக் கை உள்ள தம்பி ஒருவனை மைதானத்தில் உட்காரவைத்து அவன் விரலைப் பக்கம் பக்கமாக வைத்து 24 கோடு போட்டோம். கிட்டத்தட்ட இரண்டு அடி வந்தது. ஆக 14 அடிக்கு 16 அடி. சுண்ணாம்பால் தரையில் வரைந்ததும் நாட்டியம் ஆடுகிற அக்கா ஒருவர் உள்ளே இறங்கி ஆடிப் பார்த்துவிட்டு, "ஒருத்திக்குத் தாராளம், நம்ம பன்னெண்டு பேர் குழு நடனத்துக்கு ஆளுக்கு ஓர் எட்டு வைக்கக்கூட இடம் கிடைக்காது" என்றார்.

இதை விளையாட்டாகத்தான் செய்தோம். ஆனால் மூன்றாம் வாரம் நாடகம் நடந்தபோது அந்த இரண்டு வாசல் என்கிற விஷயம் முகத்தில் அறைந்தது. நம் அரங்க மேடைக்கு ஒரே வழி. வெளியே போகிற ராஜாவும் உள்ளே வருகிற தூதுவனும் அதில் முட்டிக்கொண்டு, ராஜாவின் கிரீடம் தூதுவன் தலைக்குப் போய், பார்வையாளர்கள் அதை அரசியல் காட்சி என்று நினைத்துக் கைதட்டினார்கள். இன்னொன்று விளக்கு. தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும் என்று அதே காதை சொல்கிறது. நாங்கள் தூணுக்குப் பின்னால்தான் பெரிய விளக்கை நிறுத்தினோம், கதாநாயகியின் பாதி முகம் கடைசி வரை இருட்டில் இருந்தது. படித்தும் செய்யவில்லை, அதுதான் வருத்தம்.

இரண்டாம் வாரம் தெருக்கூத்து. விடிய விடிய நடக்கிற கலைக்கு நாங்கள் ஒதுக்கியது ஒன்றரை மணி நேரம். போனில் சொன்னதும் கூத்துக் குழுவை நடத்துகிற வாத்தியார் சிரித்தார். "ஒன்றரை மணி நேரத்துல வேஷம் கட்டவே காணாதே தம்பி." அப்புறம் அவரே ஒரு வழி சொன்னார்: 4 மணிக்கே வந்து உட்காருகிறோம், பார்க்கிறவர்கள் வந்து பார்க்கட்டும். அதனால் வேஷம் கட்டுவதையே நிகழ்ச்சியாக்கினோம். பின்கட்டு வகுப்பறையில் பாய் விரித்து, சுவரில் சின்னக் கண்ணாடி சாத்தி, துரியோதனன் தானே தன் முகத்தில் எண்ணெயில் குழைத்த சிவப்பைப் பூசிக்கொண்டிருந்தார். மற்றவர் யாரும் பூசிவிடுவதில்லை, அவரவர் முகம் அவரவர் கையில். மெல்லிய குச்சியால் மீசையை இழுத்து, கன்னத்தில் வெள்ளைப் புள்ளி வைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டார், பார்த்துக்கொண்டிருந்த நாங்களும் பிடித்துக்கொண்டோம். கிரீடமும் தோளில் கட்டுகிற புஜக்கீர்த்தியும் எடை குறைந்த மரம், மேலே கண்ணாடித் துண்டுகள். ஒரு மாணவி தூக்கிப் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா" என்றார். "ராத்திரி முழுக்கத் தலையில வெச்சுப் பாரும்மா" என்றார் துரியோதனன்.

பிறகு மேடையில், பாரதப் போரின் கடைசி நாளைச் சொல்கிற பதினெட்டாம் போர் கூத்திலிருந்து ஒரு கட்டம் மட்டும். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் வந்து கல்லூரி பஸ்ஸைக் கிண்டல் செய்ததும் அரங்கம் அவர் கைக்குள் போய்விட்டது. இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னாலிருந்து பாட்டு மட்டும் வர, திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் ஆட, ஆள் வெளியே வருவதற்கு எடுத்துக்கொண்ட நேரம் இருக்கிறதே, செல்போனைக் கீழே வைக்காத முதலாமாண்டு கூட்டம் அப்போது வைத்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், வேஷம் கட்டிய அறை வாசலில் நின்ற கூட்டம் மேடைக்கு முன்னால் இருந்ததைவிடக் கொஞ்சம் அதிகம். முடிந்த நிகழ்ச்சியைப் பார்ப்பதற்கு எல்லோரும் பழகிவிட்டோம், ஆகிக்கொண்டிருப்பதைப் பார்க்க யாரும் நம்மை விடுவதில்லை. இரண்டு நாள் விழாவில் இதற்கு இடமே கிடையாது. ஒரு மாதம் கேட்டதற்கு என்னிடம் இருக்கிற ஒரே நியாயம் இதுதான்.

பறையாட்டம் நான்காம் வாரம். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள், பறைத் தோலை விடுமா? ஈரம் ஏறினால் தோல் தளர்ந்து சத்தம் தொப்பென்று விழும். ஓலையோ வைக்கோலோ கொளுத்தி அந்தச் சூட்டில் காய்ச்சித் தோலை விறைக்க வைப்பதுதான் வழக்கம். நமக்கோ நெருப்பு கூடாது. குழுவின் மூத்தவர் விரல் முட்டியால் தட்டிக் காட்டினார், ஈரத் துணியில் தட்டிய மாதிரி இருந்தது. "காய்ச்சாம அடிச்சா இது பேசாதுங்க." முதல்வரைத் தேடினால் கூட்டத்தில் இருக்கிறார். அப்போது ஒளியமைப்பு பார்க்கிற இயற்பியல் தம்பி, நாடகத்தில் தூணுக்குப் பின்னால் வைத்துச் சொதப்பினோமே, அதே ஹாலோஜன் விளக்குகளை உருட்டிக்கொண்டு வந்தான். பறைகளை அதன் முன்னால் சாய்த்து வைத்து, திருப்பித் திருப்பி, ஒவ்வொன்றையும் மூத்தவர் தட்டித் தட்டிப் பார்த்து, கால் மணி நேரத்துக்குப் பிறகு ஒன்று கணீரென்றது. அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. அடிக்குச்சியையும் சிம்புக்குச்சியையும் கையில் எடுத்தார். அதற்கு மேல் மைக் தேவைப்படவில்லை, ஆனால் ஒலிபெருக்கிக்காரர் ஆறு பறைக்கு நான்கு மைக் வைத்தே தீருவேன் என்று வைத்து, மைக்குக்குள் ஸ்பீக்கர் சத்தம் போய் அது திரும்ப ஸ்பீக்கரில் வந்து ஊளையிட்டு, கடைசியில் எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகுதான் ஆட்டம் நன்றாக இருந்தது.

பிப்ரவரி 21 தாய்மொழி நாள். 1952இல் டாக்காவில் வங்க மொழிக்காகச் சுடப்பட்டு இறந்த மாணவர்கள் உள்ளிட்டோரின் நாள் அது, யுனெஸ்கோ 1999இல் அறிவித்தது. சொற்பொழிவு வேண்டாம் என்று, வீட்டில் பேசுகிற மொழியில் ஒரு தாலாட்டு மட்டும் பாடச் சொன்னோம். மேடை இல்லை, வகுப்பறையில் வட்டமாக உட்கார்ந்தோம். தெலுங்கு வந்தது, உருது வந்தது, மலையாளம் வந்தது. மூன்று வருடமாக என் பக்கத்து பெஞ்சில் உட்காருகிறவன் சௌராஷ்டிரத்தில் பாடினான். அவன் வீட்டில் அந்த மொழி பேசுவார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பாட்டி பாடுவதைப் போனில் பதிவு செய்து, கேட்டுக் கேட்டுப் பழகி வந்திருந்தான். இரண்டாவது அடியில் மறந்துபோய்ப் பாட்டிக்கே போன் போட்டான், மீதியை அவர் ஸ்பீக்கரில் பாடினார். இந்த மாதத்தில் செலவே இல்லாத நிகழ்ச்சி இதுதான்.

சறுக்கியவையும் உண்டு. கவியரங்கத்தில் ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றோம். முதல் கவிஞரே தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள ஐந்து நிமிடம் எடுத்தார். அரங்கப் பொறுப்பாளர் சாவியைக் குலுக்கிக்கொண்டு வாசலில் நிற்க, கடைசி இருவர் காலி நாற்காலிகளுக்கு வாசித்தார்கள். அவர்களிடம் மன்றத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்கிறேன். குறும்படப் போட்டியில் ஒரு படத்துக்குச் சத்தமே வரவில்லை, மௌனப் படமாகவே ஓடி இரண்டாம் பரிசும் வாங்கியது. இயக்குநர் இன்னும் சமாதானம் ஆகவில்லை. மூன்றாம் வாரம் உள்தேர்வு வந்ததால் கர்நாடக இசைக்கு முன் வரிசை மட்டும்தான் நிரம்பியது. தேர்வு அட்டவணையைப் பார்க்காமல் தேதி வைத்தது என் தவறு. பட்டிமன்றம் நன்றாக நடந்தது, எப்போதும் நன்றாகத்தான் நடக்கிறது.

அடுத்த செயலாளருக்குச் சில விஷயங்கள். பிப்ரவரியில் நான்கே ஞாயிறு, ஆக 24 நாள் கையில் இருக்கிறது, அத்தனையையும் நிரப்ப வேண்டாம், நாங்கள் நிரப்பித்தான் மூச்சு வாங்கினோம். ஒத்திகை, ஒப்பனை, வாத்தியம் சேர்ப்பது எல்லாவற்றுக்கும் அழைப்பிதழிலேயே நேரம் போடுங்கள். பறைக் குழுவைக் கூப்பிட்டால் நெருப்புக்கு முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள், கிடைக்காவிட்டால் ஹாலோஜன் விளக்குகள் பொருள் அறையில் இடது மூலையில் இருக்கின்றன. மேடைக்கு இரண்டாவது வாசல் கேட்டு முதல்வருக்குக் கொடுத்த மனுவின் நகல் கோப்பில் இருக்கிறது, பதில் வரவில்லை, மறுபடி கேளுங்கள்.

கடைசியாக, இருட்டறைக்கு இரவல் வாங்கிய கறுப்புத் திரைகள் ஐந்தில் நான்குதான் திரும்பி வந்திருக்கின்றன. விடுதியில் யாரோ ஜன்னலுக்கு மாட்டிக்கொண்டு பகலில் தூங்குவதாகக் கேள்வி. திங்கட்கிழமைக்குள் மன்ற அறை வாசலில் வைத்துவிட்டால் யார் என்று கேட்க மாட்டோம்.

இப்படிக்கு,
செயலாளர்,
நுண்கலை மன்றம்